முத்திரையில் நிற்பது எந்தக் கோபுரம்?

தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரிடம் கேட்டாலும் யோசிக்காமல் பதில் வரும்: நம்ம ஆண்டாள் கோயில் கோபுரம். பொது அறிவு வழிகாட்டி நூல்களும் அப்படித்தான் அச்சிடுகின்றன. மதுரைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் மதுரையைச் சேர்ந்தவர். மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தை வைத்துத்தான் வரைந்தார், அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது அவர்கள் கட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் இதற்கும் மறுமொழி உண்டு. 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. சொந்த ஊர் ராஜபாளையம். அரைமணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் கோபுரத்தை அவர் தேர்ந்தெடுத்திருப்பதில் என்ன வியப்பு என்று கேட்பார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாதிடக் கற்றுக்கொடுக்க இப்படியொரு கேள்வி கிடைப்பது அரிது. ஊர்ப் பெருமை கலந்திருப்பதால் எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு பதில் தெரியும். அந்தப் பதிலுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

ஆளுக்கொரு கைபேசியைக் கொடுத்துத் தேடச் சொன்னால் முதலில் நடப்பது என்ன என்று ஊகிக்கலாம். ஒரே வாக்கியம், சில இடங்களில் ஒரே எழுத்துப் பிழையோடுகூட, பல பக்கங்களில் கிடைக்கும். நூறு பக்கங்கள் சொன்னால் நூறு சான்று என்று மாணவர் எண்ணுவது இயல்பு. எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்றால் சான்று ஒன்றுதான். அந்த ஒன்றும் எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாவிட்டால் கணக்கில் எதுவுமே மிஞ்சாது. இதைப் பாடமாகச் சொன்னால் தலையாட்டுவார்கள்; தாங்களே தேடித் திரும்பத் திரும்ப அதே வாக்கியத்தில் போய் முட்டும்போதுதான் உறைக்கும்.

அடுத்த கட்டம் சுவையானது. ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்துக்கு 11 நிலை. மதுரை மேற்குக் கோபுரத்துக்கு 9. முத்திரையில் எத்தனை நிலை என்று எண்ணிப் பார்க்கலாமே என்று யாராவது ஒரு மாணவி சொல்வாள். நல்ல யோசனை. ஆனால் விரற்கடை அளவில் வரையப்படும் முத்திரையில் ஓவியர் நிலைகளைக் கூட்டிக் குறைத்திருக்கக்கூடாதா? எண்ணிக்கை எதை நிறுவும், எதை நிறுவாது? குமாரசாமி ராஜா கதைக்கும் ஒரு சோதனை உண்டு. அவருக்கு முன் 1947 முதல் 1949 ஏப்ரல் வரை பதவியில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். வரைபடம் அதற்கு முன்பே முடிவாகியிருந்தால் ராஜபாளையத்து வாதம் விழுந்துவிடும். பின்னர் முடிவாகியிருந்தாலும், ‘அவர் அந்த ஊர்க்காரர்’ என்பதிலிருந்து ‘ஆகவே அவர் அந்தக் கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தார்’ என்பதற்குப் போக நடுவே ஒரு படி குறைகிறது.

அந்தக் குறையும் படிக்குத்தான் ஆங்கிலேய மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958-இல் வெளியிட்ட தம் நூலில் தனி இடம் கொடுத்தார். ஒரு வாதத்தில் முடிவு இருக்கிறது, அதற்கான தரவு இருக்கிறது, தரவிலிருந்து முடிவுக்குப் போக அனுமதி தரும் ஒரு பொதுவிதி இருக்கிறது. அந்த விதிக்குப் பின்பலம் வேண்டும். எவ்வளவு உறுதியோடு சொல்கிறோம் என்ற அளவு வேண்டும். எந்தச் சூழலில் முடிவு செல்லாது என்ற விலக்கும் வேண்டும். அன்றாடப் பேச்சில் பொதுவிதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சண்டை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் அறிவியல் வகுப்பில் வாதத் திறன் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில் மிகப் பல இந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகின்றன.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டியானா கூன் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. பதின்வயதினர் முதல் அறுபதுகளில் இருப்பவர் வரை 160 பேரிடம் அவர் பேசினார். சிறையிலிருந்து வெளிவந்தவர்கள் ஏன் மீண்டும் குற்றம் செய்கிறார்கள், பிள்ளைகள் ஏன் பள்ளியில் தோற்கிறார்கள், வேலையின்மைக்கு என்ன காரணம் என்பவை கேள்விகள். கருத்து இல்லாதவர் இல்லை. ‘இது சரி என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்டபோது பலர் சான்று தரவில்லை. எப்படி நடந்திருக்கும் என்று கதையை இன்னும் விரித்துச் சொன்னார்கள். கதை நம்பும்படி இருந்தால் அதுவே ஆதாரம் என்று எண்ணினார்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லக்கூடும் என்று கேட்டதற்கும் பலரிடம் பதில் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் இது புதிதல்ல.

இணையம் இங்கே எப்படி உதவும் என்பதற்கு முதல் உருப்படியான விடை கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மார்சியா லின், ஃபிலிப் பெல் ஆகியோர் 1990-களில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தார்கள்: ஒளி எவ்வளவு தூரம் போகும்? போகப் போகத் தேய்ந்து அழிந்துவிடுமா, எதுவும் குறுக்கிடாதவரை போய்க்கொண்டே இருக்குமா? மாணவர்கள் இருவர் இருவராகக் கணினி முன் அமர்ந்து, வலைத்தளங்களிலிருந்து திரட்டப்பட்ட சான்றுகளைப் படித்து, ஒவ்வொன்றையும் திரையில் உள்ள வாதப் பெட்டிகளில் ஏதாவது ஒன்றில் வைக்க வேண்டும். ஏன் அங்கே வைத்தோம் என்று பக்கத்தில் எழுத வேண்டும். அதன் பிறகே வகுப்பில் நேருக்கு நேர் விவாதம். தொடங்கும்போது தன் நிலைப்பாட்டைச் சொன்ன மாணவர், முடிவில் மறுபடி சொல்ல வேண்டும். மாறியிருந்தால் எதனால் என்றும் சொல்ல வேண்டும். ஏன் அந்தப் பெட்டி என்ற கேள்வி இருந்ததால், பெரும்பாலான விளக்கங்கள் சான்றை வருணிப்பதோடு நிற்காமல் அது முடிவோடு எப்படிச் சேர்கிறது என்பதையும் சொல்ல முயன்றன. டூல்மினின் அந்த நடுப்படியை மாணவர் தம் கையால் எழுதினார். இந்த முயற்சியின் வழிவந்ததே ‘வைஸ்’ என்ற இணையவழி அறிவியல் ஆய்வுத் தளம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாணவர்களை இணையக் கடலில் தள்ளிவிடவில்லை. கேள்வியும் சான்றுகளும் ஆசிரியர்கள் தேர்ந்தவை. இணையம் தந்த பெரிய உதவி, எண்ணத்தைக் கண்ணால் பார்க்கும்படி திரையில் வைத்தது.

கூன், அமாண்டா குரோவெல் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைத் திறந்தது. நியூயார்க்கின் ஒரு நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் நடந்த முயற்சி அது. சமூகப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே கருத்துடைய இருவர் ஒரு கணினியில் உட்கார்ந்து, எதிர்க்கருத்துடைய இன்னொரு ஜோடியோடு அரட்டைச் செயலியில் எழுத்தில் வாதிடுவார்கள். ஒப்பீட்டுக்காக வேறொரு பிரிவினர் வகுப்பு முழுவதும் சேர்ந்து விவாதித்தார்கள். நிறையக் கட்டுரைகளும் எழுதிப் பழகினார்கள். கடைசியில் இரு பிரிவினருக்கும் புதிய தலைப்பில் கட்டுரை எழுதும் வேலை கொடுக்கப்பட்டது. கட்டுரைப் பயிற்சி அதிகம் பெற்றவர்களைவிட, திரையில் சண்டை போட்டுப் பழகியவர்களின் வாதம் தரமாக இருந்தது. சான்று ஏன் தேவை என்ற உணர்வும் அவர்களிடமே கூடுதலாக இருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. கட்டுரை எழுதுகிறவனுக்கு எதிரே ஆளில்லை. வாய்ப்பேச்சில் ஆள் இருந்தாலும் சொன்னது காற்றோடு போய்விடுகிறது. உரத்த குரல் ஜெயிக்கிறது. எழுத்தில் நடக்கும் உரையாடலில் எதிர்த்தரப்பு சொன்னது திரையில் அப்படியே நிற்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் வேறு பக்கம் தாவினால் தாவியது தெரிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் கூட்டாளியோடு ‘இதற்கு என்ன சொல்வது’ என்று கலந்து பேச நேரமும் கிடைக்கிறது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை இங்கே பேச முடிகிறது என்பது கூடுதல் லாபம்.

இதன் மறுபக்கம், கண்ட பக்கத்தை நம்பும் பழக்கம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2016-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் உருக்குலைந்த டெய்சிப் பூக்களின் படம் ஒன்றைக் காட்டியது. ஃபுகுஷிமா அணு உலையருகே பூத்தவை என்று தலைப்பு. எடுத்தவர் யார், எங்கே எடுத்தது என்று எதுவும் இல்லை. இந்தப் படம் அங்குள்ள நிலைமைக்கு வலுவான சான்றா என்பது கேள்வி. ஏறத்தாழ 40 சதவீதத்தினர் ஆம் என்றார்கள்; படமே இருக்கிறதே! படத்தின் மூலத்தைக் கேள்வி கேட்டு நன்றாக வாதிட்டவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. மறு ஆண்டு அதே குழுவின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 10 வரலாற்று அறிஞர்கள், 10 செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரை ஒப்பிட்டார்கள். அறிஞர்களும் மாணவர்களும் ஒரு தளத்துக்குள் நுழைந்து மேலிருந்து கீழாகப் படித்து, அதன் அழகான தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் அதைவிட்டு வெளியே வந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். நிறையப் படித்தவர்கள் என்பதால் இணையத்தில் ஏமாறமாட்டார்கள் என்று சொல்ல முடியாது என்பது இதில் சங்கடமான செய்தி.

தமிழ்ப் பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு சோதனையும் இந்த இடத்தில் பேசப்பட வேண்டும். சுவரில் கணினியைப் பதித்துவைத்துச் சிறுவர்களைத் தானாகக் கற்கவிட்ட சுகதா மித்ரா, கலிக்குப்பம் என்ற சுனாமி பாதித்த சிற்றூரில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியல் பாடத்தைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். அவரும் ரித்து டங்வாலும் 2010-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆசிரியரே இல்லாமல் அந்தப் பிள்ளைகள் உள்ளூர் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இணையாகக் கற்றார்கள். பாடம் தெரியாத, ஆனால் ஊக்கம் கொடுத்த ஒருவர் உடனிருந்தபோது டெல்லித் தனியார் பள்ளி மாணவர்களை எட்டினார்கள். வியப்பான முடிவுதான், இதன் மேல் விவாதங்களும் குறைவில்லை. அங்கே அளக்கப்பட்டது பிள்ளைகள் எவ்வளவு பாடம் பிடித்துக்கொண்டார்கள் என்பதே. இரண்டு பக்கங்கள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொன்னால் எதை ஏற்பது என்ற கேள்வி அதில் எழவே இல்லை. தகவலைச் சேர்க்கக் கணினி போதும் என்று வைத்துக்கொண்டாலும், தகவலோடு மல்லுக்கட்ட எதிரில் இன்னொரு மனிதர் வேண்டியிருக்கிறது.

வாதம் என்பது இந்த மண்ணுக்கு அயல் சரக்கு ஒன்றுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் முதல் கதையே ஒரு வாதக் கதை. பூமாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் மதுரைக்குப் போய், பாண்டியன் அவையில் பரம்பொருள் யார் என்று நிறுவிப் பொற்கிழியைப் பெற்றுப் பெரியாழ்வார் ஆனார் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. கிழியே அவர் பக்கம் தாழ்ந்து கொடுத்ததாம். வகுப்பறையில் எந்தக் கிழியும் தாழாது என்பதுதான் ஆசிரியரின் சிக்கல். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று வாதத்தின் ஐந்து உறுப்புகளைச் சொல்கிறார். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று சுருக்குகிறார். பிறகு ஒவ்வொன்றிலும் வரக்கூடிய போலிகளை நுணுக்கமாக வகைப்படுத்துகிறார். மலையில் புகை தெரிவதால் நெருப்பு உண்டு, அடுக்களையில் போல என்ற அந்தப் பழைய எடுத்துக்காட்டில் டூல்மின் தேடிய நடுப்படி வெளிப்படையாகவே நிற்கிறது. நன்னூல் எழுவகை மதத்தைச் சொல்லும்போது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவதையும், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒன்றைத் துணிவதையும் சேர்த்துக்கொள்கிறது. எதிராளியின் கருத்தை அவர் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகே மறுக்கும் பழக்கம் உரையாசிரியர்களிடம் நிரம்ப உண்டு.

இந்த மரபின் மிச்சம் என்று பலரும் பட்டிமன்றத்தைக் காட்டுவார்கள். பாதிதான் உண்மை. பட்டிமன்றத்தில் அணி முதலிலேயே பிரிக்கப்படுகிறது. பேச்சாளர் தன் கட்சியை விட்டு நகரக்கூடாது. கைதட்டல் சான்றுக்கு விழுவதைவிட நகைச்சுவைக்கு விழுவது அதிகம். முடிவில் நடுவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். பள்ளி ஆண்டுவிழாக்களில் பிள்ளைகள் அழகாகப் பேசுகிறார்கள். மனப்பாடம் செய்யவைத்த ஆசிரியரும் கீழே அமர்ந்து உதடசைத்துக்கொண்டிருப்பார். பேச்சுத் திறனுக்கு அது நல்ல பள்ளி. ‘நீ சொன்னதைக் கேட்டபின் என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்’ என்று சொல்ல அந்த மேடையில் இடமில்லை.

அப்படிச் சொல்ல இடம் தரும் கேள்விகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரு ஊர்களைச் சுற்றிப் பஞ்சமில்லை. வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து ஏறிப்போகும் சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலை எடுத்துக்கொள்ளலாம். மலை முழுவதும் காடு. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புலிகள் காப்பகமானது. ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் ஏறும். 2015 மே மாதம் திடீர் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமியையொட்டிய சில நாள்களில் மட்டும் ஏற அனுமதி இருந்தது. தினமும் விட வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை போனது. பக்தர்களை எல்லா நாளும் அனுமதிக்கலாமா?

இந்தக் கேள்வியின் அருமை, இதைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். கூட்டம் வரும் நாள்களில் விலங்குகள் பாதையிலிருந்து விலகுகின்றனவா என்பது அளந்து அறியக்கூடியது. எந்த மாதங்களில் மழை திடீரென்று கொட்டுகிறது என்பதற்கு மழைப்பதிவு இருக்கிறது. நீதிமன்ற உத்தரவைத் தேடி மூலத்தையே படிக்கலாம். தலைமுறை தலைமுறையாக மலையேறும் குடும்பத்தின் உரிமை பெரிதா, காட்டின் அமைதி பெரிதா என்பது எந்தத் தரவாலும் மட்டும் தீராது. எது சான்றால் தீரும், எது மதிப்பீட்டைச் சார்ந்தது என்று பிரிக்கக் கற்பதே வாதப் பயிற்சியின் பாதி. வகுப்பில் ஒரு பையனின் அப்பா வனக்காவலராக இருக்கலாம். இன்னொரு பெண்ணின் வீட்டில் ஆடி அமாவாசைக்குத் தவறாமல் மலையேறலாம். அதனாலேயே ஆசிரியர்கள் இப்படிப்பட்ட தலைப்புகளைத் தொடப் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் செல்போன் நன்மையா தீமையா என்ற தலைப்பை முந்நூறாவது முறை விவாதிப்பதால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை.

சின்னக் கேள்விகளும் உண்டு. சாம்பல் நிற அணில் உலகிலேயே இங்கே மட்டும்தான் வாழ்கிறது என்று யாராவது சொன்னால், அதைத் தேடித் தகர்க்கலாம்: இலங்கையிலும், கேரளத்துச் சின்னாறிலும், காவிரிக் கரைக் காடுகளிலும் அது இருக்கிறது. அஞ்சல் துறை 2005-இல் தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய ராஜபாளையம் நாயில் தூய வெள்ளையையே தேர்ந்து இனவிருத்தி செய்யலாமா என்பது இன்னொன்று. நிறமிக் குறைவுக்கும் நாய்களின் காது கேளாமைக்கும் உள்ள தொடர்பு அறிவியல் அறிந்த செய்தி. வெள்ளை நிறத்துக்கே சந்தையில் மதிப்பு.

பிறர் தந்த சான்றைத் தேடுவதைவிட, தானே சான்றை உண்டாக்குவது ஒரு படி மேல். 2015 முதல் தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுத்து ‘ஈபேர்டு’ தளத்தில் பதிகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாய்க் கரையில் காலையில் கால்மணி நேரம் நின்று எண்ணுகிற மாணவிக்கு, தன் எண்ணிக்கை எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வி தானாக வரும். ஒரே கொக்கை இரண்டு முறை எண்ணிவிட்டேனோ? சென்ற ஆண்டு எண்ணியவர் மாலையில் எண்ணினாரோ? ‘பறவைகள் குறைந்துவிட்டன’ என்று யாராவது சொன்னால் இனி அவள் எளிதில் தலையாட்டமாட்டாள். 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளை உள்ளூர்ப் பிரச்சினைகளில் இப்படி இறக்கிவிட்டிருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதற்காகப் பல ஆண்டுகள் ஊர் ஊராக உழைத்திருக்கிறது.

வசதிகள் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் உள்ளன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகம் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் சோதனைகளைக் கொண்டுசெல்கிறது. க்யூஆர் குறியீட்டைத் தட்டினால் பாடத்தை விளக்கும் காணொளி வருகிறது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டுரைகள் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தேர்வுத்தாளோ ஒரு கேள்விக்கு ஒரு விடை என்ற ஏற்பாட்டில் நிற்கிறது. மாணவர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் அதுவும் தயங்காமல் ஒரே விடையைச் சொல்லிவிடக்கூடும். இரண்டுக்கும் இடையே வாதத்துக்கு இடம் பிடிப்பது ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது.

நடைமுறைத் தடைகளில் ஒன்று பலரும் நினைக்காதது: தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகை 1999-லேயே அரசு ஏற்பு பெற்றாலும், பிள்ளைகளில் பலர் கைபேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைத்தே பழகியவர்கள். கணினி முன் ஒரு வாக்கியம் அடிக்க ஐந்து நிமிடம் ஆனால் நாற்பது நிமிட வகுப்பில் நாலு பரிமாற்றம்கூட நடக்காது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒதுக்க வேண்டும். அல்லது முதல் சில வாரங்கள் கைபேசியிலேயே நடத்தலாம். இன்னொரு தடை என்று சொல்லப்படுவது கணினிப் பற்றாக்குறை. நாற்பது பேருக்கு இருபது கணினிதான் இருக்கிறது என்பது மற்ற பாடங்களுக்குக் குறையாக இருக்கலாம். கூன் நடத்திய முறையில் ஒரு திரைக்கு இருவர்தான் உட்கார வேண்டும்.